ஜன்னல் இருந்த இடங்கள்

பஸ்ஸிலிருந்து இறங்கி எதிரே பார்த்தபோது, மருந்துக்கடை மாடியில் ஜன்னல் இல்லை என்பது அவளுக்கு உடனே உறைக்கவில்லை. எப்போதும் மூக்குக்கண்ணாடி போடுகிறவர் அதைக் கழற்றிவிட்டு எதிரே வந்து நிற்பதுபோல, ஏதோ குறைகிறது என்று மட்டும் தோன்றியது. பச்சைச் சட்டம் போட்ட ஜன்னல். கடைக்காரரின் மாமியார் சாயங்காலமானால் அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் வம்புக்கு இழுப்பாள். இப்போது அங்கே வெறும் சுவர். பூச்சு காயாமல் சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

மூடிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். நின்று யோசிக்க நேரமில்லை.

காலையில் அண்ணன் போன் செய்திருந்தான். கடிகாரம் பழுது பார்க்கிறவன். அண்ணி போனபிறகு தனியாள். எப்போது பேசினாலும் பாதிப் பேச்சு கிண்டலாக இருக்கும். இன்று இல்லை.

"சிட்டு, உடனே கிளம்பி வா. கதவை அடைச்சுட்டாங்க."

"யாருண்ணா?"

"தெரியல. எழுந்து பார்த்தா கதவு இருந்த இடத்துல சுவரு இருக்கு. போலீஸுக்குப் பண்ணேன். வந்தாங்க. வெளியில நின்னு என்னமோ பேசிக்கிட்டாங்க. எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு போயிட்டாங்க."

காய்ச்சலில் உளறுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. காய்ச்சல் மனிதனை என்னவெல்லாம் பேசவைக்கும் என்று தெரியும். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அவள் இந்த ஊருக்கு வந்தே பல வருஷம் ஆகிறது. அண்ணன்தான் வந்து பார்த்துவிட்டுப் போவான். சினிமா கொட்டகை மேசை நாற்காலி விற்கும் கடையாகியிருந்தது. அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. வக்கீல் வீட்டை நடுவில் வெட்டி இரண்டாக்கி, ஒரு பாதிக்கு மஞ்சளும் மறுபாதிக்கு நீலமும் அடித்திருந்தார்கள். பங்காளிச் சண்டை பெயிண்ட் வரைக்கும் வந்துவிட்டது. ஊர் என்றால் மாறாமலா இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மஞ்சள் பாதியிலும் ஜன்னல் இல்லை. நீலப் பாதியிலும் இல்லை. கதவு இருக்கவேண்டிய இடத்தில் வாசற்படிகள் மட்டும் ஏறிப் போய்ச் சுவரில் முட்டி நின்றன. மேல்படியில் ஒரு ஜோடி செருப்பு, சுவரைப் பார்த்தபடி.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரச் சிமென்ட்டின் வாசனை தெரு முழுக்கப் பரவி, நாக்கின் அடியில் போய் மாவாகப் படிந்தது.

டீக்கடைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "கடிகாரக்காரர் தங்கச்சிதானே? உட்காரும்மா."

"இல்லண்ணே, அவசரமாப் போறேன். தெருவுல எல்லா ஜன்னலையும் ஏன் அடைச்சிருக்காங்க?"

"எந்த ஜன்னல்?" உண்மையிலேயே புரியாதவராக அவர் கேட்டார். "எப்பவும் இப்படித்தானே இருக்கு."

அவருக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவருடைய மனைவி அதன் வழியாகத்தான் கழுவிய கிளாசுகளை நீட்டுவாள்.

"அக்கா எங்க?"

"உள்ளே இருக்கா." அவர் ஒரு கிளாசில் டீ ஊற்றினார். திரும்பிக் குனிந்து, அதைச் சுவரோரமாகத் தரையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே கிளாசுகள் வரிசையாக இருந்தன. எல்லாம் நிரம்பி, ஆடை படிந்து, யாரும் தொடாமல்.

காசு கொடுக்க நின்ற ஒருவரை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கால்கள் தாமாகவே வேகம் எடுத்தன.

போன் அடித்தது. "எங்க வந்துட்டே?"

"நூலகத்துக்கிட்ட. அண்ணா, நான் பார்த்தேன். நீ சொன்னது..."

"சீக்கிரம் வா. சமையலறை ஜன்னலும் போயிடுச்சு. திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள போயிடுது. குளியலறை மேல ஒரு ஓட்டை மட்டும்தான் இருக்கு."

இணைப்பைத் துண்டிக்காமலே போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஓடினாள். ஓடும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் தன் காலடி என்று நினைத்தாள். நின்றாள். சத்தம் நிற்கவில்லை. நூலகத்தின் சுவருக்குள்ளிருந்து, உள்ளங்கையால் தட்டுவது போல. அவசரமில்லாமல். தட்டித் தட்டி ஓய்ந்துபோன கை. அடுத்த சுவரிலும் அதே. அதற்கடுத்ததிலும். பக்கத்தில் ஒருவர் காய்கறிப் பையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தலையைத் திருப்பவே இல்லை.

அண்ணன் வீடு முழுக்க மூடியிருந்தது. கண்ணும் மூக்கும் வழித்தெடுத்த முகம் போல. பக்கச் சந்துக்குள் புகுந்தாள். உயரத்தில், காற்றுப் போவதற்கு விட்ட சின்னத் துவாரம். அதிலிருந்து நான்கு விரல்கள் வெளியே நீண்டிருந்தன. நகங்களில் எண்ணெய்க் கறை.

"அண்ணா!"

கிடந்த வாளியைக் கவிழ்த்து ஏறி அந்த விரல்களைப் பிடித்தாள். சூடாக இருந்தன.

"வந்துட்டியா." போனிலும் சுவரிலுமாக அவன் குரல் இரண்டு தடவை கேட்டது. "வெறுங்கையோடதான் வந்திருப்பே. கடப்பாரை கொண்டுவந்திருக்கக் கூடாதா?"

சிரிக்க முயன்றான். அவள் இறங்கி ஒரு கருங்கல்லை எடுத்துவந்து, மறுபடி ஏறித் துவாரத்தின் ஓரத்தில் இடித்தாள். பூச்சு உதிர்ந்தது. செங்கல் தெரிந்தது. இன்னும் இடித்தாள். உதிர்ந்த இடத்தில் ஈரமாக ஏதோ ஊறி நிரம்பியது, பிசைந்த மாவு போல, அவள் கண்ணெதிரிலேயே.

சந்து முனையில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். "என்னம்மா பண்றே அங்க?"

"எங்க அண்ணன் உள்ளே மாட்டிக்கிட்டாரு. ஒரு கை கொடுங்க. தயவுசெஞ்சு."

அவர் கிட்டே வந்தார். அண்ணாந்து அந்த விரல்களைப் பார்த்தார். அவை அசைந்தன. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அந்த வீட்டுல யாரும் இல்லையேம்மா," என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுபடி இடித்தாள். கல் வழுக்கியது. கைகளால் தோண்டினாள். நகம் பெயர்ந்தது. வலி தெரியவில்லை. துவாரம் சுருங்கிக்கொண்டே வந்தது. விரல்களுக்கு இடையே தன் விரல்களை நுழைத்து இழுத்தாள்.

"சிட்டு, கையை எடு."

"மாட்டேன்."

"உன் கையும் உள்ளே போயிடும். எடு."

"மாட்டேண்ணா."

சுவர் அவள் விரல் கணுக்களைத் தொட்டது. குளிர்ச்சி. பிறகு இறுக்கம். அண்ணன் சின்ன வயதில் அவளை ஆற்றோரத்திலிருந்து இழுத்த அதே பலத்தோடு, இப்போது அவள் கையை வெளியே உந்தினான். வாளி உருண்டது. அவள் மல்லாந்து விழுந்தாள்.

போனில் மூச்சு கேட்டது. பிறகு மண் சரிவது போன்ற சத்தம். பிறகு எதுவும் இல்லை.

சுவரில் துவாரம் இல்லை. நான்கு விரல்கள் மட்டும், நடுக்கணு வரை, வெளியே. இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

அவள் தவழ்ந்து தெருவுக்கு வந்தாள். கத்தினாள். யாரும் நிற்கவில்லை. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. அந்த வெளிச்சத்தில்தான் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். அதற்கடுத்த சுவரை. தெரு முனை வரைக்கும், ஜன்னல்கள் இருந்த இடங்களில் எல்லாம்.

விரல்கள். பெரியவை, சிறியவை, மோதிரத் தழும்பு உள்ளவை. காற்றைத் தடவிக்கொண்டு.

வேலை முடிந்து வந்த ஒரு பெண் எதிர்ச்சுவரருகே நின்றாள். கழன்றுபோன செருப்பு வாரை மாட்டவேண்டியிருந்தது அவளுக்கு. தோள் பையைக் கழற்றி, பார்க்காமலே, சுவரில் நீண்டிருந்த ஒரு விரலில் மாட்டினாள். பை வழுக்கியது. அது கீழே விழுந்துவிடாதபடி, அந்த விரல் மெல்ல மடங்கிக்கொண்டது.