சிபிலின் உதடுகள்

காலையில் துடைத்த உதடுகள் மாலை நாலு மணிக்கும் ஈரமாக இருந்தன.

துசியந்தி விளக்கைக் கிட்ட இழுத்தாள். கீழே குரோய்டன் டிராம் வளைவில் கிறீச்சிட்டுப் போக, பழைய வார்னிஷும் டர்பன்டைனும் மணக்கும் அந்த மாடியறையில் அவளும், ஸ்டாண்டில் நிறுத்திய ஓவியத்துச் சிபிலும் மட்டுமே இருந்தார்கள். கிறிஸ்துவுக்கு முன்பே வாக்குச் சொன்ன பெண்ணாம். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்யும் துசியந்திக்கு இவள் ஆறாவது சிபில். எல்லாம் ஒரே அச்சு: தலைப்பாகை, ஆணின் தோளில் ஒட்டவைத்த பெண்முகம், தடித்த புத்தகம், இறுக மூடிய வாய். கன்னி வயிற்றில் தேவகுமாரன் பிறப்பான் என்று சொல்லிவைத்ததற்குக் கூலி, தேவாலயச் சுவரில் ஒரு மூலை. பக்கத்து ஊர் சட்டனில் வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் உரு வந்து ஆடி வாக்குச் சொல்லும் மச்சாள் தவமலர் போல இன்னொரு ஜென்மம்.

மெல்லிய அழுக்குக்கு எச்சில்தான் நல்லது. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. காலையில் பஞ்சை நாக்கில் நனைத்து அந்த உதட்டில் தேய்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. தவமலர் வாக்குச் சொல்லும் நாளில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டாள். இந்தா, உனக்கு என் எச்சில்.

இப்போது மறுபடி பஞ்சை வைத்தாள். பழுப்பு நிறம் உரிந்தது. பிற்காலத்தில் யாரோ பூசியது. அதன் கீழே வாய் மூடியிருக்கவில்லை. பற்கள். பின்னால் இருட்டு.

கை வயிற்றுக்குப் போனது. ஏழாம் மாதம். மூன்று கலைந்த பிறகு தங்கியது. காலையிலிருந்து அசைவில்லை. வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை என்று மத்தியானம் தனக்கே சொல்லிக்கொண்டாள். பொய். ஒவ்வொரு நிமிடமும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

போன் அடித்தது. தவமலர். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடி, மூச்சு வாங்குது?"

"ஒண்டுமில்லை மச்சாள். வேலை."

"காலமை தொடக்கம் உன்ர நினைவாவே கிடக்கு. பிள்ளை அசையுதோ?"

"உங்கட அம்மனிட்டக் கேளுங்கோவன். இல்லாட்டி வெள்ளிக்கிழமை மட்டுந்தான் அவவுக்கு ஷிப்டோ?"

தவமலர் சிரிக்கவில்லை. "நக்கலை விடு. வயிறு உன்ர. நீ சொல்லு. பிள்ளை அசையுதோ?"

ஓம் என்று சொல்ல நினைத்தாள். உதடு பிரியவில்லை. டர்பன்டைன் மணம் போய்விட்டது. வேறு மணம். காலையில் குடித்த தேத்தண்ணீர். அவளுடைய வாயின் மணம். படத்திலிருந்து.

"இல்லை," என்றது அவளுடைய குரல், அவள் வாய் திறக்காமலே.

போனில் தவமலர் கத்தத் தொடங்கினாள். ஸ்டாண்டில், ஈரமான பற்களுக்கு நடுவே, நாக்கு மெல்லப் புரண்டு படுத்தது.