முகம் எண்ணும் கேமரா

நஸ்ரி போய் உட்காருவதற்கு முன்பே கேமரா படம் எடுத்துவிட்டது.

முதல் தடவை தன் கைதான் எதையோ தவறாக அழுத்திவிட்டது என்று நினைத்தான். தெப்பவீட்டின் தூணில் கவ்வியை இறுக்கி, கேமராவை அதில் திருகிப் பொருத்தி, பொத்தானை அழுத்திவிட்டு, வலையில் கிடந்த தோமான் மீனைத் தூக்க மூன்று எட்டு நடந்திருப்பான். அதுவரை மெதுவாகச் சிமிட்டிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு வேகமெடுத்தது. கிளிக். படத்தில் அவன் உட்காரவிருந்த பலகை காலியாக இருந்தது. அதன் பின்னால் கென்யிர் ஏரி. அணை கட்டிய காலத்தில் மூழ்கி, நின்ற நிலையிலேயே செத்துப்போன மரங்கள்.

இந்த ஏரி அவனிடமிருந்து ஏற்கெனவே இரண்டு கைப்பேசிகளை விழுங்கியிருந்தது. அதனால்தான் போன மாதம் கோலத் திரங்கானு நகரில் தியோவின் கேமராக் கடைக்குப் போனான். தியோ விற்பதைவிட விளக்குவதை அதிகம் விரும்புகிறவர். எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும் என்று அவன் கேட்டதும் சிரித்தார். எல்லாரும் ஆழத்தைக் கேட்கிறார்கள், தண்ணீர் நுழைவதோ பேட்டரி மூடி வழியாக என்றார். அந்த மூடிக்கு இரட்டைப் பூட்டு இருக்கிறதா, உள்ளே ஓடும் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடியாவது ஒட்டியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். லென்ஸ் வெளியே நீண்டு வரக் கூடாது. மீன் வழுவழுப்பு ஒட்டிய கட்டை விரலால் அழுத்தும் அளவுக்குப் பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும். கைநழுவினால் மிதக்கிற பட்டை வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான் முகம் எண்ணும் டைமரைக் காட்டினார்.

சாதாரண டைமர் பத்து நொடி தரும். துள்ளுகிற மீனை வைத்துக்கொண்டு பத்து நொடிக்குள் யாரால் உட்கார முடியும்? இதில் எத்தனை முகம் வேண்டும் என்று ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்ளலாம். எண் ஒன்று என்றால், எதிரே ஒரு முகம் வரும்வரை விளக்கு மெதுவாகச் சிமிட்டும். முகம் வந்ததும் வேகமாகச் சிமிட்டும். இரண்டு நொடியில் படம் விழும்.

“நீ எவ்ளோ நேரம் ஆக்கினாலும் அது காத்துக்கிட்டு இருக்கும். முகம் வராம எடுக்கவே எடுக்காது” என்றார் தியோ.

நஸ்ரி மீனை மறுபடி வலைக்குள் விட்டான். பொத்தானை அழுத்தினான். கேமராவின் பின்னாலேயே நின்றான். நான்கு சிமிட்டல். ஐந்து. வேகம். கிளிக்.

பலகை காலியாகத்தான் இருந்தது.

மச்சானின் வேலை என்று தோன்றியது. சுக்கோர், நஸ்ரியின் மனைவி சுரயாவுக்கு அண்ணன். தங்கையின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் செருப்புக்குள் உயிர்நண்டை விட்டவர். கைப்பேசியிலிருந்து இந்தக் கேமராவை இயக்க முடியும் என்பது அவருக்கும் தெரியும். குடிசைக்குள் எட்டிப் பார்த்தான். பாயில் மல்லாந்து, வாய் திறந்து, நீர் கொப்பளிப்பது போலக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கைப்பேசி தலைமாட்டில், அணைந்து கிடந்தது. அப்படியும் நஸ்ரி கொஞ்ச நேரம் நின்று அவருடைய இமைகளைப் பார்த்தான். தூங்குகிறவரின் இமை இத்தனை இறுக்கமாக மூடியிருக்குமா?

வெளியே வந்து வேறு விதமாக யோசித்தான். கேமராவுக்கு முகம் என்றால் என்னவென்று தெரியாது. மேலே இரண்டு இருட்டு, நடுவில் ஒரு வெளிச்சம், கீழே ஓர் இருட்டு, அவ்வளவுதான். சுவரில் இருக்கும் சுவிட்சுகூட அதற்கு முகமாகிவிடும். செத்த மரங்களின் கணுக்களும் பொந்துகளும் அப்படி அமைந்திருக்கலாம். கவ்வியைத் தளர்த்தி, மரமே இல்லாத பக்கமாகத் திருப்பினான். பலகையின் ஒரு முனையும், மேகத்தின் சாம்பல் நிறம் படிந்த தண்ணீரும் மட்டும். அழுத்தினான்.

மழை பெய்து ஓய்ந்த காலை அது. ஈரமூங்கிலின் புளித்த வாடை, டீசல் வாடை, தண்ணீருக்கடியில் நாற்பது வருடமாக ஊறும் மரப்பட்டையின் தேயிலை போன்ற வாடை, எல்லாம் காற்றில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நிற்க, தூரத்து மலைக்காட்டில் கத்திக்கொண்டிருந்த குரங்குகளின் சத்தம் யாரோ கதவைச் சாத்தியது போல ஒரே சமயத்தில் அடங்கியது.

வேகம். கிளிக்.

எடுத்த படத்தைப் பார்க்கும்போது ஒரு பொத்தானைத் தட்டினால், தான் கண்ட முகத்தை மஞ்சள் கட்டத்துக்குள் பெரிதாக்கிக் காட்டும் வசதி இருந்தது. தட்டினான். முதல் படத்தில் கட்டம், மரங்களுக்கு நடுவே தண்ணீர் மட்டத்தில் நின்றது. உள்ளே தண்ணீர்தான். இரண்டாம் படத்தில் தெப்பத்தின் விளிம்பில், மூங்கிலை ஒட்டி. மூன்றாவதில் பலகைமேல். உட்கார்ந்திருக்கும் ஒருவரின் தலை உயரத்தில். கட்டத்துக்குள் ஒன்றுமில்லை. மழை நின்று ஒரு மணி நேரத்தில் பலகையின் மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க, ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் ஈரம்.

அப்போதுதான் காலையில் செய்தது ஞாபகம் வந்தது.

விடிந்ததும் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தான். நாசி டகாங் என்கிற தேங்காய்ப்பால் சோறு, மீன்குழம்பின் வெந்தய மணம். அவன் ஊரில் கண்ணெதிரே யாராவது இருக்கும்போது ‘வாங்க சாப்பிடலாம்’ என்று சொல்லாமல் ஒருவரும் சோற்றில் கைவைப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடச் சொல்வார்கள். அவரும் ‘நீங்க சாப்பிடுங்க’ என்பார், அத்தோடு முடிந்தது. ஆனால் ஏரியில் சொல்லக் கூடாது. கண்ணெதிரே யார் இருக்கிறார்கள் என்பது அங்கே நிச்சயமில்லை. நஸ்ரி அதைச் சின்ன வயதிலிருந்தே அறிவான். அறிந்தும், பழக்கத்தில், மச்சான் தூங்குவதை மறந்து, தண்ணீரைப் பார்த்தபடி சொல்லிவிட்டான்.

‘நீங்க சாப்பிடுங்க’ என்று யாரும் பதில் சொல்லவில்லை.

இதை மச்சானிடம் சொல்லவும் முடியாது. காட்டிலும் ஏரியிலும் வித்தியாசமாக எதைக் கண்டாலும், முகர்ந்தாலும், கேட்டாலும், வாயைத் திறந்து குறிப்பிடக் கூடாது. குறிப்பிட்டால் அது உன்னை நெருங்கிவிடும். இந்தக் கேமராவுக்கு அந்த முறையெல்லாம் தெரியாது. அது கட்டம் போட்டுக் காட்டிவிட்டது.

சுக்கோர் எழுந்து வந்தார். கண்ணைக் கசக்கியபடி பலகையைப் பார்த்தார். அங்கேதான் எப்போதும் உட்கார்ந்து பல் துலக்குவார். இன்று எதிர்ப்பக்கம், ஈர மூங்கில்மேலேயே குந்தினார்.

“படம் எடுத்தது போதும் மாப்ளே. கெளம்பலாம்.”

“நாளைக்குத்தானே கெளம்பறோம்?”

“கெளம்பலாம்னேன்.”

வலையைத் திறந்து மீனை விட்டார்கள்.

படகில் ஏறியதும் அதுவும் கூடவே வருகிறதோ என்ற சந்தேகம் வந்தது. இலேசான கண்ணாடியிழைப் படகு பொய் சொல்லாது. யார் எங்கே உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் அமிழும். சுக்கோர் பின்னால் மோட்டாரைப் பிடித்து நடுவில் இருந்தார், நஸ்ரி முன்னால் நடுவில் இருந்தான். படகு இடப்பக்கம் சாய்ந்தே ஓடியது. இடப்பக்கப் பலகையில் எதுவும் இல்லை. சற்று நேரத்தில் சுக்கோர் பெட்ரோல் கலனைக் காலால் வலப்பக்கம் தள்ளினார். படகு நிமிர்ந்தது. நஸ்ரி திரும்பிப் பார்த்தான். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சானுக்கும் தெரியும். அது யாரோடு வருகிறது என்பதும் தெரியுமா? அதற்காகத்தான் சீக்கிரம் கரைக்குப் போய், அவரவர் வண்டியில் பிரிந்துவிடப் பார்க்கிறாரா?

வீட்டில் சுரயா குழந்தை பெற்றுப் பத்தொன்பது நாள்தான் ஆகிறது. நாற்பத்து நான்கு நாள் முடியும்வரை அந்த அறைக்குள் கண்ட காற்றையும் விடுவதில்லை. அது எங்கே வேண்டுமானாலும் போகட்டும். அந்த அறைக்குள் மட்டும் வரக் கூடாது.

படகுத்துறையில் சுக்கோர் தெப்பவீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். நஸ்ரி கேமராவைக் காரின் பானெட்மேல் நிறுத்தி, எண்ணை இரண்டுக்கு மாற்றினான். இது எளிய சோதனை. எதிரே ஒருவன் மட்டும் உட்கார்ந்தால், இரண்டாவது முகத்துக்காக விளக்கு மெதுவாகச் சிமிட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுவரோரம் போய்த் தனியாக உட்கார்ந்தான். பின்னால் வெறும் சிமெண்டு.

ஒரு சிமிட்டல்.

இரண்டு.

வேகம்.

கிளிக்.

இடத்தோளில் ஈரவாடை. ஊறிய மரப்பட்டை.

ஏரியிலிருந்து வருகிறவர்கள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. வழியில் எங்காவது உட்கார்ந்து ஏதாவது குடிப்பார்கள். கூட வந்தது சலித்துத் திரும்பிவிடும் என்பார்கள். சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். இரண்டு தே தாரிக் தேநீர், சுக்கோருக்குச் சோறு. நஸ்ரி தனக்குச் சோறு வேண்டாம் என்றான். பக்கத்து நாற்காலியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான். பிளாஸ்டிக் இருக்கையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. கடைக்காரி துணியோடு வந்தாள், துடைத்தாள், போனாள். மறுபடி சொட்டியது.

சலித்துப்போகவில்லை. கூப்பிட்டவனோடு அது வந்திருக்கிறது. அப்படியானால்.

அப்படியானால் வேறொருவர் கூப்பிட்டாலும் போகும்.

மச்சானின் தட்டு வந்தபோது நஸ்ரி எழுந்தான். கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றான். காத்திருந்தான். சுக்கோர் ஏரிக்கரையில் எத்தனை கவனமாக இருந்தாலும் இது கரை. இது கடை. எதிரே சோறு.

“வா, வா, சாப்பிடலாம்” என்று பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது. “வந்து உக்காரு.”

நஸ்ரி திரும்பவில்லை. ‘நீங்க சாப்பிடுங்க’ என்று பதில் சொல்லவில்லை. தண்ணீர் கைமேல் ஓடிக்கொண்டே இருந்தது. நாற்காலி ஒன்று தரையில் உரசி நகரும் சத்தம் கேட்டது.

அவன் வந்து பார்த்தபோது பக்கத்து நாற்காலி காய்ந்திருந்தது. சுக்கோர் பாதிச் சோற்றில் கையை நிறுத்திவைத்திருந்தார்.

“ஏன் மாப்ளே வரல நீ?”

“கை கழுவிக்கிட்டு இருந்தேன் மச்சான்.”

சுக்கோர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். அவருடைய வேன் கதவு வரைக்கும் நஸ்ரி கூடவே நடந்தான். ஞாபகத்துக்கு ஒரு படம் என்றான். எண் இரண்டு. கேமராவைத் தன் காரின் கூரைமேல் வைத்துவிட்டு அதன் பின்னால் நின்றான். எதிரே ஓட்டுநர் இருக்கையில் சுக்கோர் மட்டும்.

ஒரு சிமிட்டல். வேகம். கிளிக்.

சுக்கோர் ஜன்னலைப் பாதி இறக்கினார். ஆறு வயது மகள் வாசலில் காத்துக்கொண்டிருப்பாள் என்று சொன்னார். சொல்லிவிட்டும் வண்டியை எடுக்கவில்லை.

“படத்துல நான் மட்டும்தானே இருக்கேன்?”

கூடாது. வித்தியாசமாக எதைக் கண்டாலும் குறிப்பிடக் கூடாது. அதுதான் முறை.

“நீங்க மட்டும்தான் மச்சான்.”

வேன் போய்விட்டது. இடப்பக்கம் சாய்ந்தபடி.

நஸ்ரி காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினான். முதல் கட்டம் மச்சானின் முகம். இரண்டாவது கட்டம் பக்கத்து இருக்கையில், வெறுமைமேல். அந்த இருக்கையின் பெல்ட் இழுத்துப் பூட்டப்பட்டிருந்தது. ஆளில்லாத இருக்கையோடு ஒட்டிக் கிடக்கவில்லை. நெஞ்சுக்கு நேரே முன்புறம் புடைத்து, ஈரத்தில் கறுத்து, இறுகி நின்றது. மச்சானின் கை அதைத் தொடவே இல்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன, விரல்கள் வெளுத்து.

அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் வீடு வந்தான். படிக்கட்டுக்கு எதிரே கேமராவை வைத்து, எண் இரண்டில் அழுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்தான். விளக்கு மெதுவாகச் சிமிட்டியது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மெதுவாகவே சிமிட்டியது. உள்ளே குழந்தை சிணுங்கியது. யாரோடு பேசுகிறீர்கள் என்று சுரயா கேட்டாள். அவன் யாரோடும் பேசவில்லை.

எண்ணை ஒன்றுக்கு மாற்றினான். அழுத்திவிட்டு நடந்தான். கேமரா காத்திருந்தது. அவன் உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்து, நிமிர்ந்து பார்த்த பிறகுதான் படம் விழுந்தது. ஒரே முகம், ஒரே கட்டம்.

கேமராவில் ஒரு குறையும் இல்லை. கூட வந்ததை இன்னொருவர் வாயால் சாப்பிடக் கூப்பிட வைத்து, அவரோடு அனுப்பிவிட வேண்டும். அப்புறம் அது சரியாக எண்ணுகிறது.