வெள்ளைக் காரின் இடது கதவு

அருப்புக்கோட்டை பைபாஸில் அமுதவள்ளியின் பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கீறலைக் காட்டுவார்கள். அடுத்து ஒரு பொய்யைச் சொல்வார்கள். சும்மா நின்ற வண்டியில் கேட் வந்து இடித்தது என்பார்கள். மச்சினன் ஓட்டினான் என்பார்கள். வண்டிகளின் பெயின்டிலும் பிளாஸ்டிக்கிலும் விழுந்த கீறல்களைச் சரிசெய்வதுதான் அவள் தொழில். கீறலைப் பார்த்தாலே அது எப்படி விழுந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வந்தவர் முகம் சுண்டிவிடும் என்பதால் பெரும்பாலும் வெளியே சொல்லமாட்டாள். இந்தத் தயக்கமெல்லாம் அவள் தம்பி மனைவி மாரிக்கனிக்குக் கிடையாது. பட்டறையில் பாதிப் பங்கு மாரிக்கனியுடையது. அங்கே நடக்கும் பேச்சில் முக்கால் பங்கும் அவளுடையதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் முத்துப்பேச்சி வந்து நின்றாள். எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். அவள் ஆட்டோவில் ஒரு கீறலும் இல்லை.

"அக்கா, மத்தியானம் ஒரு வெள்ளக் காரு இங்க வரும். நல்லமுத்து அவுக காரு. அதுல இருக்கிற கீறல நான் போடல. யாரு போட்டதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

"உக்காருத்தா. மொதல்ல இருந்து சொல்லு."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"நேத்து திருச்சுழிக்குத் தெக்க அய்யனார் கோவிலுக்குச் சவாரி போனேன். அங்க அவுக புதுக் காருக்குப் பூச நடந்துச்சு. வழிய மறிச்சு நிறுத்தியிருந்தாக. 'அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுக்கிப் போடுங்க'ன்னேன். அதுதான் குத்தம். எங்கம்மா அவுக காட்டுல பருத்தி எடுத்தவ. 'மொதலாளி'ன்னுதான் கூப்பிடுவா. நான் அண்ணாச்சின்னதும் அவுகளுக்கு மூஞ்சி கறுத்துப்போச்சு."

"சண்டை போட்டியா?" மாரிக்கனி ஆசையாகக் கேட்டாள்.

"போட்டேன் மதினி. நல்லாச் சத்தமாவே போட்டேன். அப்புறம் அவுக சாப்பிடப் போயிட்டாக. நான் சவாரிக்காகக் காருக்கு இடது பக்கம் ஆட்டோவ நிறுத்திட்டு நின்னேன். கையில சாவி இருந்துச்சு. சாப்பிட்டு வந்து மகன் காரத் துடைக்கிறான், இடது பக்கமெல்லாம் கீறலு. ஆளாளுக்கு எங் கையிலிருந்த சாவியப் பாக்குறாக."

"இப்ப என்ன பண்ணச் சொல்றாக?"

"சாயங்காலம் ஸ்டாண்டுல எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேக்கணுமாம். கேக்காட்டி வரிசையில வண்டி போடக்கூடாதுன்னு ஸ்டாண்டுத் தலைவர் இன்பராஜ் சொல்லிட்டாரு. வரிசை போச்சுன்னா எனக்குப் பொழப்பு இல்ல. ஆனாலும் கேக்க மாட்டேங்க்கா. ஆட்டோவ வித்துட்டு ஆடு மேய்க்கக்கூடப் போவேன். செய்யாத தப்புக்கு எதுக்கு மன்னிப்பு?"

கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அமுதவள்ளிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மத்தியானம் கார் வந்தது. மகன் மருதுபாண்டி ஓட்டிவந்தான். பல வருஷமாகப் பருத்தி லோடு வேன் ஓட்டுகிறவன். நெருக்கடியான இடத்தில் ஒரே திருப்பில் அழகாக நிறுத்தினான். பின்னாலிருந்து அவன் அம்மா பெத்தம்மாள் இறங்கினாள். முன்னாலிருந்து நல்லமுத்து இறங்கினார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மீசைக்கு மட்டும் முப்பதுதான் ஆகியிருந்தது.

"இவ எதுக்கு இங்க நிக்கிறா?" என்றார்.

"எம்மேல பழி போட்டிருக்கீகள்ல, அதப் பாக்க வந்தேன் அண்ணாச்சி" என்றாள் முத்துப்பேச்சி.

அமுதவள்ளி காரை நிதானமாக ஒரு சுற்று சுற்றிவந்தாள். இடப்பக்கக் கதவுகள் இரண்டிலும், அவற்றின் கீழ் ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையிலும், பக்கக் கண்ணாடியின் கூட்டிலும் கீறல்கள் இருந்தன. ஒரு கோடு அல்ல. மெல்லிய கோடுகள் கொத்துக் கொத்தாக, வளைந்து நெளிந்து ஓடின. பெயின்டில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். பெரும்பாலான இடங்களில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. அங்கெல்லாம் பாலிஷ் போட்டாலே மறைந்துவிடும். பின்கதவில் ஒரே ஒரு கோட்டில் நகம் சிக்கியது. அந்தக் கோடு ஒரு சந்தனப் பூச்சின் விளிம்பில் போய் நின்றது. பூச்சின் மறு விளிம்பிலிருந்து திரும்பவும் தொடங்கியது.

பூஜையில் வைத்த சந்தனம் அது. மற்ற மூன்று கதவுகளிலும் காசளவுப் பொட்டு. இந்தக் கதவில் மட்டும் உள்ளங்கை அகலம். விரிசல் விடாமல் அப்படியே காய்ந்திருந்தது.

"சந்தனம் யாரு வச்சது? பூசாரியா?"

"நான்தான் வச்சேன். எங்காரு, நான்தான வைக்கணும்?" என்றார் நல்லமுத்து. "அதுல கைய வைக்காதீக. சாமி சந்தனம், தானா உதிரணும்."

"தொடலங்க." அமுதவள்ளி மருதுபாண்டியிடம் திரும்பினாள். "கீறல நீதான் மொதல்ல பாத்தியாப்பா?"

"ஆமாக்கா. தூசியா இருக்கேன்னு ஈரத் துண்டு போட்டுத் துடைச்சேன். சந்தனம் கலைஞ்சிரக் கூடாதுன்னு அத மட்டும் விட்டுட்டுச் சுத்தித் துடைச்சேன். கீழ பிளாஸ்டிக்கத் துடைக்கவும் வெள்ள வெள்ளையாக் கோடு தெரிஞ்சுச்சு. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு."

"அந்தத் துண்டு இருக்கா?"

டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வெள்ளைத் துண்டு, தூசியோடு ஒரு பக்கம் கருஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகக் கறை. அமுதவள்ளி மோந்து பார்த்துவிட்டு மாரிக்கனியிடம் நீட்டினாள். மாரிக்கனி மோந்துவிட்டு வாயைத் திறந்தாள். மதினியின் பார்வையைக் கண்டதும் மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அது ஒரு அபூர்வ நிகழ்ச்சி.

"காரு என்னைக்கு வந்துச்சு?"

"சனிக்கிழம. நான்தான் மதுரையிலிருந்து ஓட்டிட்டு வந்தேன். நேரா வீட்டுக் கொட்டகையில விட்டுட்டேன். பூச போடாம புதுவண்டிய எங்கயும் எடுக்கக்கூடாதுன்னு அப்பா சாவிய வாங்கி வச்சுக்கிட்டாரு. ஞாயித்துக்கிழம நானும் அம்மாவும் காரியாபட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அதுக்குக்கூடக் காரத் தரல."

"அப்பா வரலையா?"

"காருக்குக் காவலா இருக்கேன்னுட்டாரு."

அமுதவள்ளி குனிந்து, பிளாஸ்டிக் பட்டை கதவோடு சேரும் இடுக்கிலிருந்து ஒரு சிறு பொருளை ஊசியால் நெம்பி எடுத்தாள். அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். மாரிக்கனி அவளைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"மதினி, எனக்குப் புரிஞ்சுபோச்சு. மகன்தான்! மதுரையிலிருந்து வரும்போதே எங்கயோ உரசிட்டு, இப்ப ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கான்."

"உரசுனத மறைச்சு வச்சவன் அத ஈரத் துண்டு போட்டுத் துடைப்பானா மாரிக்கனி? துடைச்சு வெளிய கொண்டுவந்ததே அவன்தான்."

மாரிக்கனி வாயடைத்து நின்றாள். ஒரே நாளில் இரண்டாவது முறை.

அமுதவள்ளி எல்லோரையும் காரின் இடப்பக்கம் வரச் சொன்னாள்.

"மொதல்ல முத்துப்பேச்சி விஷயம். சாவியால கீறுனா ஒரே கோடு விழும், ஆழமா, ஒரே உயரத்துல. இது ஒரு கொத்துக் கோடு. கண்ணாடிக் கூட்டுல இருக்கு, கதவுல இருக்கு, கீழ பட்டையில இருக்கு. ஓடுற காருல செடி உரசுனாத்தான் இப்படி வரும். இந்தா பாருங்க." உள்ளங்கையைத் திறந்தாள். ஒடிந்த சீமைக்கருவேல முள் ஒன்று இருந்தது. "கோவில் மைதானத்துல கருவேலம் இருக்காப்பா?"

"ஒரு வேப்பமரம்தான்க்கா இருக்கு" என்றான் மருதுபாண்டி. "மதுரை ரோட்டுலயும் கோவிலுக்குப் போன ரோட்டுலயும் எங்கயும் முள்ளு உரசல."

"சரி, எப்ப விழுந்துச்சு? இந்தச் சந்தனத்தப் பாருங்க. கீறல் இந்தப் பக்கம் உள்ள போகுது, அந்தப் பக்கம் வெளிய வருது. பூச முடிஞ்ச பெறகு கீறியிருந்தா சந்தனமும் சேந்து கிழிஞ்சிருக்கும். ஒரு விரிசல்கூட இல்ல. அப்பன்னா கீறல் மொதல்ல, சந்தனம் பெறகு. பூசைக்கு முன்னாலயே காரு முள்ளுக்குள்ள போயிருக்கு."

"கத விடாதீக" என்றார் நல்லமுத்து. "சந்தனத்துக்கு அடியில என்ன இருக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? அதத் துடைக்கவும் விடமாட்டேன். சாமி காரியம்."

அமுதவள்ளி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சாமி சந்தனத்தில் கைவைக்க அந்த வட்டாரத்தில் யாருக்கும் மனசு வராது. அதை வைத்த ஆளும் அந்த நம்பிக்கையில்தான் அத்தனை அகலமாகப் பூசியிருந்தார்.

முத்துப்பேச்சி ஓர் அடி முன்னால் வந்தாள். அதற்குள் பெத்தம்மாள் அவளைத் தாண்டிப் போய்விட்டாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துச் சந்தனத்தை அழுத்தித் துடைத்தாள். நல்லமுத்து "ஏய்!" என்று அதட்டினார்.

"சும்மா இருங்க. சாமிக்கு வச்ச சந்தனமா, ஒங்களுக்கு வச்ச சந்தனமான்னு பாத்துருவோம்."

கீறல் இடைவெளியே இல்லாமல் முழுசாக ஓடியது. பள்ளத்தில் சந்தனம் மஞ்சளாக அடைத்திருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் அமுதவள்ளி. "கறுப்புப் பிளாஸ்டிக்குல கீறல் விழுந்தா வெள்ளையாத் தெரியும். சூட்டுக்காத்து பிடிச்சா அடங்கிரும். அது தெரியாதவுக மேல கறுப்பா எதையாச்சும் பூசுவாக. இந்தக் காருலயும் பூசியிருக்கு. ஈரம் பட்டதும் அது துண்டுக்கு வந்துருச்சு. மாரிக்கனி, இப்பச் சொல்லு, அது என்ன வாசம்?"

மாரிக்கனி அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் கொட்டியது. "மீசைக்குப் போடுற டை மதினி! எங்க வீட்டுக்காரரு மாசா மாசம் பூசுறாரு, எனக்குத் தெரியாதா?"

எல்லோரும் மருதுபாண்டியின் இளம் மீசையைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்திலிருந்த மீசையைப் பார்த்தார்கள்.

"புதுசா ஓட்டப் பழகுறவுகளுக்கு இடது பக்கம் எவ்வளவு ஒதுங்குதுன்னு கணக்குப் பிடிபடாது" என்றாள் அமுதவள்ளி. "ஞாயித்துக்கிழம எங்க போனீக?"

நல்லமுத்து தன் தோள்துண்டை எடுத்தார், போட்டார், மறுபடி எடுத்தார்.

"நரிக்குடிக்கு" என்றார் கடைசியில். "தங்கச்சி குருவம்மா வீட்டுக்கு. நானே ஓட்டிட்டு வந்து எறங்குறத அவ பாக்கணும்னு ஆச. ரோட்டுல போனா யாராச்சும் பாத்துருவாகன்னு கம்மாக்கரை வழியாப் போனேன். அங்க ரெண்டு பக்கமும் கருவேலம்."

"பூச போடாம எடுக்கக்கூடாதுன்னு எங்கள பஸ்ஸுல அனுப்பிட்டு?" என்று கேட்டாள் பெத்தம்மாள். ஊருக்கெல்லாம் சாஸ்திரம் சொன்ன மனுஷர் தானே அதை மீறினார் என்பது வெளியே தெரியக்கூடாது. அதற்காக ஒரு பெண்ணின் பிழைப்பு போனாலும் போகட்டும் என்று இருந்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றார் நல்லமுத்து. "ரிப்பேர நான் பாத்துக்கிறேன். இன்பராஜ்கிட்டப் போன்ல சொல்லிடுறேன். இந்தப் பேச்ச இங்கயே விட்டுருவோம்."

"எப்படி விட முடியும்?" என்றாள் முத்துப்பேச்சி. "என்னை எங்க வச்சு மன்னிப்புக் கேக்கச் சொன்னீக?"

"அதுக்கு?"

"அங்க வந்து நீங்க கேளுங்க."

"ஓங்கிட்டயா? நானா?" அவர் குரல் உயர்ந்தது. "உங்கம்மா எங்காட்டுல…"

"எடுத்தா. அவ பருத்தி எடுத்ததுக்கும் நான் ஒங்க காரக் கீறாததுக்கும் என்ன சம்பந்தம்?"

பெத்தம்மாள் விறுவிறுவென்று நடந்துபோய் முத்துப்பேச்சியின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். மருதுபாண்டி காரின் சாவியை அமுதவள்ளியின் மேஜையில் வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மாரிக்கனி கேட்கவே வேண்டாம், மதினியையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். சாயங்கால வெயிலில் நல்லமுத்து மட்டும் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஆட்டோ முன்சீட்டின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஸ்டாண்டில் இன்பராஜும் மற்ற டிரைவர்களும் காத்திருந்தார்கள். ஒரு பெண் தலைகுனிவதைப் பார்க்க வந்த கூட்டம் அது. இறங்கியது நல்லமுத்து என்றதும் திகைத்துப்போனது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"கேக்கலண்ணாச்சி" என்றாள் முத்துப்பேச்சி. ஆட்டோவின் எஞ்சினை அணைத்தாள். அவள் திரும்பிப் பார்த்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக அணைத்தார்கள்.

"காரக் கீறுனது நான்தான்" என்றார் நல்லமுத்து, கடைசி வரிசை வரை கேட்கும்படி. "இந்தப் பிள்ள மேல பொய்யாப் பழி போட்டுட்டேன். மன்னிச்சிருத்தா."

இன்பராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பெரியவுக கேட்டுட்டாக. நீயும் மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருத்தா, முடிஞ்சுரும்" என்றார்.

"அவுக கேக்க வேண்டியது, கேட்டாக. நான் சொல்றதும் சொல்லாததும் எம் இஷ்டம்" என்றாள் முத்துப்பேச்சி. ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் தன் இடத்தில் நிறுத்தினாள்.