இடது கைக்கு லீவு

எழிலரசியின் ஆட்டத்தில் இரண்டே ஆட்டக்காரர்கள். ஒன்று அவளுடைய வலது கை. இன்னொன்று இடது கை. வேறு ஆள் கிடைக்கவில்லை.

சந்தவாசலிலிருந்து ஆரணிக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மா அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை பார்த்தார். அவர் வர ஆறு மணி ஆகும். அதுவரை எழில் பூங்காவில்தான் இருப்பாள்.

அங்கே புதிதாக ஆறு இரும்புக் கூடைகளைக் கம்பங்களில் பொருத்தியிருந்தார்கள். ஒவ்வொரு கூடைக்கும் மேலே சங்கிலிகள் தொங்கின. தூரத்திலிருந்து பிளாஸ்டிக் தட்டை வீசினால், அது சங்கிலியில் மோதி, 'ஜலீர்' என்று கூடைக்குள் விழ வேண்டும். ஆறு கூடைகளையும் குறைந்த வீச்சுகளில் முடிப்பவருக்கு வெற்றி. 'டிஸ்க் கோல்ஃப் - புதிதாக ஆடுவோருக்கு' என்று பலகையில் எழுதியிருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் கூடைகளைக் குப்பைத் தொட்டி என்றே நினைத்தார்கள்.

காவலாளி முருகேசன் தினமும் அவளுக்கு இரண்டு தட்டுகள் தருவார்.

"இன்னிக்கு யாரு ஜெயிச்சது, பாப்பா?"

"வலது கைங்க அண்ணா. இருபத்தொண்ணு. இடது கை முப்பத்தெட்டு. ஒரு தடவ தட்டு பின்னாடியே போயிடுச்சு!"

அவர் சிரிப்பார். எழிலும் சிரிப்பாள். பிறகு அவர் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார்.

ஒரு நாள் அவள் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் கலைமகள், வாழைப்பழத் தோலை மூன்றாவது கூடையில் போட்டாள்.

"அது குப்பைத் தொட்டி இல்ல," என்றாள் எழில்.

"பின்ன இன்னாவாம்?"

"விளையாடுற கூடை."

"ஐயே! குப்பைத் தொட்டிகூட விளையாடிகினு இருக்கா பாருங்கடி!"

மூவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். எழில் தோலை எடுத்து எறிந்துவிட்டுக் கையைக் கழுவினாள். அன்று அவள் ஆடவில்லை.

"ஸ்கூல்ல யார்கூட சாப்பிட்ட?" என்று அன்றிரவு அம்மா கேட்டார்.

"நிறைய பேர்கூட," என்று பொய் சொன்னாள்.

அடுத்த வாரம் கலைமகள் தனியாக வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, பையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

எழிலுக்கு முதலில் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான்காவது கூடையைப் பார்த்து வீசினாள். ஒரே வீச்சு. 'ஜலீர்!' கைதட்ட யாரும் இல்லை. அந்தச் சத்தம் அடங்கியபோது அவளுடைய சந்தோஷமும் அடங்கிவிட்டது.

'ஏன் அழுற?' என்று கேட்டால் அழுகை இன்னும் அதிகமாகும். எழிலுக்கு அது தெரியும். அதனால் வேறொன்று கேட்டாள்.

"என் இடது கைக்கு இன்னிக்கு லீவு. அதுக்குப் பதிலா நீ வீசுறியா?"

கலைமகள் மூக்கை உறிஞ்சினாள். "இடது கைக்கு லீவா?"

"ஆமா. அது ரொம்ப மோசமா ஆடும். நீ பயப்படவே வேணாம்."

கலைமகள் எழுந்து வந்தாள். முதல் தட்டு அரளிச் செடிக்குள் போனது. இரண்டாவது, தூங்கிக்கொண்டிருந்த நாயின் பக்கத்தில் விழுந்தது. நாய் எழுந்து, இருவரையும் முறைத்துவிட்டு வேறு இடத்தில் படுத்தது.

ஏழாவது வீச்சில் சங்கிலி ஒலித்தது. கலைமகள் குதித்தாள்.

தட்டை எடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "அவங்க ரெண்டு பேரும் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க."

"ம்," என்றாள் எழில். "அடுத்த கூடை அங்க இருக்கு, வா."

மறுநாள் பள்ளியில் கலைமகள் தன் தோழிகளோடு மறுபடி சேர்ந்துவிட்டாள். எழிலின் பக்கம் திரும்பவே இல்லை. எழில் தனியாகவே சாப்பிட்டாள்.

மாலையில் பூங்காவுக்குப் போக மனமில்லை. ஆனால் வேறு எங்கே போவது?

"அண்ணா, தட்டு குடுங்க."

முருகேசன் கையை விரித்தார். "இருந்த நாலையும் மூணு பொண்ணுங்க வாங்கிகினு போயிட்டாங்க பாப்பா."

தட்டும் போய்விட்டது. எழில் வாசலை நோக்கித் திரும்பினாள்.

"ஏய் எழிலு! எங்க போற? ஜல்தி வா!"

முதல் கூடைக்கு அருகில் கலைமகள் தன் இரண்டு தோழிகளோடு நின்றிருந்தாள். "இவங்களுக்கு வீசவே தெரியல. நான் சொன்னா கேக்கவும் மாட்டேங்கறாங்க. ஒரே பேஜார்!"

அவள் கக்கத்தில், யாரும் வீசாத நான்காவது தட்டு இருந்தது. எழில் ஓடினாள். முதுகிலிருந்த பையை இறக்கிவைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.