அறிந்த நாள்

கடலடிச் சுரங்கத்துல அண்ணன் செத்து தொண்ணூத்தஞ்சு நாள் கழிச்சு, மதினிக்குப் புள்ளை பொறந்த பதினோராம் நாள்தான், அங்கயே கூட வேலை பாத்த தம்பி சுடலை ஊருக்குப் போன் போட்டு விசயத்தைச் சொன்னான்.

எல்லார் காதுக்குப் பின்னாலயும் நெல்லு அளவுல ஓர் அறிகடிகை ஒட்டியிருக்கிற காலம் அது. ஒரு சாவை மனசு எந்த நிமிசம் அறியுதோ, அந்த நிமிசத்தை அது குறிச்சு வச்சுக்கும். அங்கேருந்து அறுபது நாளுக்குள்ள இழப்பீடு கேட்டாகணும். ‘எங்களுக்குத் தெரியாதே’ன்னு முன்னெல்லாம் ஆளாளுக்குப் பொய் சொன்னாங்கன்னு கொண்டுவந்த சட்டம். என்ன குறிச்சிருக்குன்னு மனு போடும்போதுதான் தெரியும்.

அந்தச் சட்டத்தை நம்பித்தான் சுடலை வாயை மூடினான். மதினிக்கு அப்ப ஆறு மாசம். சொன்னா தாங்கமாட்டா. தெரியாத வரைக்கும் கெடுவும் ஓடாது. வீட்டுக்கு நானே சொல்லிக்கிறேன்னு கம்பெனியில கைரேகை வச்சான். உடம்பும் கெடைக்கல. அண்ணன் ஆழத்துல வேலை பாக்கான், அங்க சிக்னல் கெடையாதுன்னு மதினிகிட்ட சொன்னான். அண்ணனுக்குன்னு அவ மாசாமாசம் அனுப்புன கருப்பட்டி மிட்டாயை அவனே தின்னு தீத்தான்.

விசயத்தைக் கேட்டு மதினி கத்தல. புள்ளையைத் தட்டிக்கிட்டே ‘ம்’னா. அதிர்ச்சி போலன்னு நெனச்சான். மறுநாளே மனு. அவளுக்கு ஆபீஸ் பாசை வராதுன்னு, அவன் அங்கேருந்து சொல்லச் சொல்ல, போன்லருந்த சொல்லெழுதி எழுதிக்கிட்டே வந்துது.

“பயப்படாதீங்க மதினி. நேத்துதானே சொன்னேன். இன்னும் அம்பத்தொம்பது நாள் கெடக்கு.”

அவ கடிகையைத் தொட்டு மனுவோட சேத்தா. பதில் உடனே வந்துது.

‘மனு ஏற்கப்படவில்லை. கெடு முடிந்து முப்பத்தாறு நாட்கள் ஆகின்றன. மனுதாரர் அறிந்தது: கணவர் இறந்த அன்று மாலை. தெரிவித்தவர்: சுடலை.’

“மெஷின் தப்பு மதினி. அண்ணன் சாப்ட்டாச்சு, நல்லாருக்கான்னுதானே அன்னைக்கி சொன்னேன்? ஆட்சேபம் எழுதுவோம்.”

மதினி புள்ளையை மறுதோளுக்கு மாத்திக்கிட்டா.

“மூணு வருசமா தெனம் பேசுத. அண்ணன் சாப்ட்டாச்சுன்னு ஒரு நாளாவது சொல்லிருக்கியா? அன்னைக்கி நான் கேக்காமலே சொன்ன, தம்பி.”

அப்ப ஏன் ஒண்ணும் கேக்கலன்னான்.

“கேட்டா சொல்லிருவ. சொல்லிட்டு அங்க ஒத்தையில கெடந்து அழுவ. நீயா சொல்லட்டும்னு இருந்தேன். நீ சொன்ன பெறகுதான் கெடு ஓடும்னு நானும் நெனச்சுட்டேன்.”

அவனுக்கு அப்பத்தான் மிட்டாய் ஞாபகம் வந்துது. அண்ணனுக்குன்னு எழுதி அனுப்புனீங்களேன்னான்.

“அவுக என்னைக்கி கருப்பட்டி தின்னாக? நீதான் தின்ப.”

அந்தப் பக்கம் புள்ளை சிணுங்குச்சு. சொல்லெழுதி ரெண்டாந்தடவையா கேட்டுது, ஆட்சேபம் உண்டான்னு.

“இல்ல”ன்னா மதினி, அவனுக்கும் சேத்து.