மேடையில் கிடந்த ஷூ

2009 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறு. மெம்பிஸ் நகரின் தென்பகுதியில், கறுப்பின மக்களின் சிறிய சர்ச் ஒன்றில், குழந்தைகள் மேடையேறக் காத்திருந்தார்கள். மனப்பாடம் செய்த வரிகளை ஒவ்வொருவரும் சபைமுன் சொல்லவேண்டும்.

கடைசியாகச் சொல்லவேண்டியவள் கென்யெட்டா. வயது பதினொன்று.

ஐந்து வயதில் அவள் அதே மேடையில் வரிகளை மறந்து, அழுதபடி பக்கவாட்டுக் கதவு வழியே ஓடினாள். ஒரு ஷூ கழன்று மேடையிலேயே கிடந்தது. அன்றிலிருந்து அவள் பெயர் ‘ஒத்த ஷூ’. வகுப்பில் முதலாவதாக வந்தாலும் ஒத்த ஷூ. பாட்டுக்குழுவில் சேர்ந்தாலும் ஒத்த ஷூ.

இன்று வாசலிலேயே சபையின் மூத்த பெண்மணி சிஸ்டர் ஓடெல் அவளைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அகன்ற ஊதாத் தொப்பி வாசலையே அடைத்தது.

“அடியே ஒத்த ஷூ! ரெண்டு கால்லயும் இருக்கா, பாத்துக்கிட்டியா?”

“இருக்குங்க, சிஸ்டர்.”

“எதுக்கும் பசை போட்டு ஒட்டிக்கோடி செல்லம்!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கென்யெட்டா சிரிக்கவில்லை.

“அம்மா, வீட்டுக்குப் போயிடலாமா?”

அம்மா ஆஸ்பத்திரியில் இரவு வேலையை முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தாள். “பாசத்துலதானடி சொல்றாங்க.”

“இத்தனை வருஷமாவா? எனக்கு அலுத்துப்போச்சும்மா.”

“எனக்கும்தான். காலெல்லாம் வீங்கிக் கெடக்கு. சொல்லிட்டு வா, போயிடலாம்.”

ஐந்து வயது நைலா மேடையேறினாள். மஞ்சள் கவுன், சடை நுனிகளில் மணிகள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

“பரவால்ல பாப்பா!”

“ஆண்டவர் கூட இருக்காரு, மெதுவா சொல்லு!”

எல்லாப் பக்கமிருந்தும் குரல்கள். நைலாவின் சடைமணிகள் நடுங்கின. அவள் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தாள்.

கென்யெட்டாவுக்கு அந்தக் கதவு தெரியும். அவள் எழுந்து மேடைக்குப் போய் நைலாவின் அருகில் குனிந்தாள்.

“ஓடப் போறியா?”

நைலா ஆமென்று தலையாட்டினாள்.

“நானும் இங்கேருந்து ஓடினேன். ஒரு ஷூ கழண்டு விழுந்துடுச்சு.”

“எந்தக் காலு ஷூ?”

கென்யெட்டா யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

“இதுன்னு வெச்சுக்கோயேன்.” இடது ஷூவைக் கழற்றி மேடை நடுவில் போட்டாள். “ஷூதான் விழுந்தாச்சே. இனிமே நீ எதுக்கு ஓடணும்?”

நைலா களுக்கென்று சிரித்தாள். பிறகு தன் இரண்டு வரிகளையும் கத்திச் சொன்னாள்.

கென்யெட்டா ஷூவை எடுக்கப் போனாள். அடுத்துச் சொல்ல நின்ற சிறுவன் டெரல் அவள் கையைப் பிடித்தான்.

“அக்கா, அது அங்கயே இருக்கட்டும்க்கா.”

அவனுக்கு அடுத்தவளும் அதையே சொன்னாள். ஷூ கடைசிவரை மேடையிலேயே இருந்தது.

கென்யெட்டாவின் முறை வந்தது. ஒரு காலில் ஷூ, மறு காலில் லேஸ் வைத்த சாக்ஸ். எல்லா வரிகளையும் சொல்லி முடித்தாள்.

“அப்படிச் சொல்லுடி, ஒத்த ஷூ!” என்று சிஸ்டர் ஓடெல் கத்தினார்.

“நன்றிங்க, சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு, ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

பின்வரிசையில் அம்மா, இரண்டு ஷூக்களையும் கழற்றிவிட்டுத் தூங்கிப்போயிருந்தாள். கென்யெட்டா அவளை எழுப்பி வீட்டுக்கு அழைத்துப் போனாள்.