இரண்டு தட்டு, பிறகு ஒன்று

ரேடியோவைத் தண்ணீர் வாளிக்குள் தள்ளியது மெக்கானிக்தான். வேண்டுமென்று தள்ளவில்லை, வேண்டுமென்று செய்திருந்தால் அவ்வளவு நேர்த்தியாக விழுந்திருக்காது. உலகம் நொறுங்கப்போகும் நாளுக்காகக் குடியிருப்புச் சங்கம் மூன்று வருடமாகச் சேர்த்து வைத்த சாமான்களில் அந்தப் பேட்டரி ரேடியோதான் செல்லப்பிள்ளை. வெளியுலகத்தோடு மிச்சமிருந்த ஒரே தொடர்பும் அதுதான். எல்லோருடைய கைபேசிகளும் அணைக்கப்பட்டுத் தலைவர் வீட்டு பீரோவுக்குப் போய்விட்டிருந்தன. அலமாரியிலிருந்து ரேடியோவை இறக்கும்போது முழங்கை இடித்தது. அது ஒரு குட்டிக்கரணம் போட்டு, வாளிக்குள் தலைகீழாக இறங்கி, இரண்டு குமிழி விட்டு அடங்கியது. வாசற்கதவைப் பூட்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

"போகட்டும் விடு," என்றார் கமாண்டர்.

அவர் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ராணுவத்தின் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. சங்கத் தலைவரான பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு தீப்பெட்டி குறைந்தாலே வீடு வீடாகப் போய் விசாரிக்கிற மனிதர், ரேடியோ மூழ்கியதைப் பார்த்து ஒரு சொல் திட்டவில்லை. அவர் முகத்தில் வந்து போனது கிட்டத்தட்ட நிம்மதி மாதிரி இருந்தது. மெக்கானிக்குக்கு அது எங்கோ உறுத்தியது. ஆனால் திட்டு விழாததை யார் ஆராய்ச்சி செய்வார்கள்?

"அப்ப பயிற்சிக்கு நல்லதுதான்னு சொல்றீங்க," என்றான். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. அதுதான் முதல் விதி. கதவு பூட்டியது முதல் திறக்கும்வரை, இது பயிற்சியா என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் நிஜம் என்றே பதில் வரும். மீறுகிறவர் அடித்தளத்துத் தொட்டியிலிருந்து ஐந்து மாடிக்கும் தண்ணீர் தூக்க வேண்டும். பயம் பழகினால்தான் மனசு உறுதிப்படும் என்பது கமாண்டரின் கட்சி. மனசு எப்படியோ, அன்று மாலைக்குள் மெக்கானிக்கின் இரண்டு தோளும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியவை போல் ஆகிவிட்டன.

தண்ணீர் தூக்கி முடித்ததும் வாசல் காவல். மின்சாரமே இல்லாத உலகத்தில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு வேறு என்ன வேலை கொடுப்பது? குழாய் வேலை தெரிந்தவருக்கும் செடி வளர்க்கத் தெரிந்தவருக்கும் கிடைத்த மரியாதை அவனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்குக் கிடைத்தது ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலி.

தவிர, அந்த வாசலில் அவன் பெயர் ஏற்கெனவே கெட்டிருந்தது. போன வருடப் பயிற்சியில், கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சும் வெளியாள் வேடம் போட்டது மாடிவீட்டுத் தையல்காரர். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, ரெண்டு நாளாகப் பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை என்று அழுதார். ஒரு மணி நேரத்துக்கு முன் அவர் வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டது மெக்கானிக்குக்குத் தெரியும். தெரிந்தும் திறந்துவிட்டான். "மனசு கேக்கல சார்," என்று அவன் சொன்ன சமாதானம் ஒரு வருடமாக எல்லோர் வாயிலும் அடிபட்டது.

அதனால்தான் இந்த வருடம் கதவுக்கு இவ்வளவு அடைப்பு. இரும்புக் கதவின் உட்பக்கம் பலகை, பலகைக்கு மேல் பழைய மெத்தைகள், அதற்கு மேல் மணல் மூட்டைகள். தெருவைப் பார்த்த ஜன்னல்களுக்கும் அதே கவனிப்பு. சோதித்தும் பார்த்தார்கள். தையல்காரர் வெளியே நின்று தொண்டை கட்டும்வரை கத்தினார். உள்ளே ஒரு முனகல்கூட வரவில்லை. இரும்பைத் தட்டினால் மட்டும், அந்தத் தட்டு நிலைச்சட்டம் வழியாக ஊர்ந்து வந்து காதுக்குள் பல்வலி போலத் துடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இனிமே உன் மனசுக்கு வேலையில்ல," என்று மெக்கானிக்கின் முதுகில் தட்டினார் கமாண்டர்.

இந்த முறையும் வெளியாள் தையல்காரர்தான். இரண்டு நாள் வெளியே தங்கி, நினைத்தபோதெல்லாம் வந்து தட்ட வேண்டும். காலம் முடிந்ததும் தன் பெரிய கத்தரிக்கோலால் கதவை விடாமல் அடிக்க வேண்டும். அந்தச் சத்தம் வந்தால் எல்லாம் முடிந்தது, திறக்கலாம். சாவி மெக்கானிக்கிடம் இருக்கட்டும், அவனுக்குத்தான் இந்தப் பாடம் தேவை என்று முதலில் பேச்சு. கடைசி நேரத்தில் கமாண்டர் எல்லோரையும் மேலே அனுப்பிவிட்டுத் தானே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகே மூட்டை அடுக்கக் கூப்பிட்டார்.

மெக்கானிக்கின் மனைவி இந்தக் கூத்துக்கு வரவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"நீங்க வெளையாடி முடிங்க. நான் அங்கயே விடுதியில தங்கிக்கிறேன்," என்று பையை மாட்டிக்கொண்டாள்.

"நெஜமாவே உலகம் அழிஞ்சிட்டா?"

"அழிஞ்சா எனக்கு டபுள் டியூட்டி." செருப்பைப் போட்டுக்கொண்டே சிரித்தாள். "முடிச்சிட்டு வீட்டுக்குத்தான் வருவேன். வேற எங்க போக? வழக்கம்போல ஆடி அசைஞ்சு வராம சீக்கிரம் கதவத் திறங்க, போதும்."

முதல் தட்டு அன்று பொழுது சாயும்போது வந்தது. நிலைச்சட்டத்தில் தலையைச் சாய்த்து அரைத்தூக்கத்தில் இருந்தவனின் கன்னத்து எலும்பு வழியாக நுழைந்தது. இரண்டு தட்டு, வேகமாக. ஓர் இடைவெளி. பிறகு ஒன்று. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லியதாக ஓர் உலோகச் சிணுங்கல்.

அவன் எழுந்தே விட்டான். அப்புறம் சிரித்தான்.

அது அவன் மனைவியின் தட்டு. வீட்டுக்கதவைத் திறக்க அவன் எப்போதும் தாமதிப்பதால், மோதிரம் போட்ட விரலால் இரண்டு தட்டி, ஒரு பெருமூச்சு விட்டு, கடைசியாக ஒன்று தட்டுவாள். சங்கத்து ஆண்டு விழாவில் அதை அவன் பெருமூச்சோடு நடித்துக் காட்டியிருக்கிறான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதிகம் சிரித்தவர் தையல்காரர். இப்போது அதையே கற்றுக்கொண்டு, ஊசி குத்தாமல் காக்கும் உலோகத் தையல் தொப்பியை விரலில் மாட்டிக்கொண்டு, மோதிரச் சத்தம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். மனுஷன் தொழிலை மாற்றியிருக்கலாம்.

"தம்பி," என்றான் மெக்கானிக் மூட்டைகளைப் பார்த்து, "போன வருஷம் ஏமாந்தவன் நான் இல்ல. அது எங்க அண்ணன். என்னை மாதிரியே இருப்பான்."

மணல் மூட்டைகள் சிரிக்கவில்லை. இரண்டு தட்டு. பிறகு ஒன்று. அவன் நெஞ்சின் உயரத்தில்.

கமாண்டர் விளக்கோடு இறங்கி வந்து படியிலேயே நின்றார்.

"நல்லா பண்றான்ல சார்? அச்சு அசல் என் வீட்டுக்காரி."

கமாண்டர் விளக்கைச் சற்றுத் தாழ்த்தினார். முகம் தெரியவில்லை. "தூக்கம் வந்தா சொல்லு. வேற ஆள் போடறேன்," என்றார்.

"தையல்காரன்தான சார்?"

"கேக்காதே. கேட்டா தண்ணி தூக்கணும்."

மறுநாள் தட்டு இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது. நின்று கேட்டால் சரியாகக் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காதைச் சாய்த்தால்தான் பிடிபட்டது. உட்கார்ந்துகொண்டு தட்டுகிறான் போல, சோம்பேறி என்று நினைத்துக்கொண்டான். ஆனால் இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவிலிருந்த பெருமூச்சு நீண்டுகொண்டே போனது. ஈரச் சாக்கும் மண்ணெண்ணெயும் நாறிய அந்த நடையில், காற்றுக்குழாய் வழியாக வேறொரு வாசனை இறங்கி வந்தது. குப்பையோ விறகோ எரிகிற புகை இல்லை. என்னவென்று தெரிந்துகொள்ள அவன் ஆசைப்படவில்லை. மாடிகளில் பேச்சுக்குரல் குறைந்திருந்தது. தண்ணீரோடு ஏறும்போது, கதவைத் திறந்த ஒவ்வொருவரும் அவன் கையை மட்டும் பார்த்தார்கள். களைப்பு எல்லோருக்கும்தானே.

"சார், அவனுக்கு ஒரு செம்பு தண்ணியாவது..."

"வெளிய இருக்கறவங்களுக்குத் தண்ணி கெடையாது. நாமளே போட்ட விதி."

"ரெண்டு நாள் முடியப்போகுது. கத்தரிக்கோல் சத்தத்தையே காணோம்."

"நேரம் ஆகல," என்றார், ஆயுசில் ஒரு வண்டியையும் தாமதமாக விடாத நேரக்காப்பாளர். சொல்லிவிட்டு மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டில் கடிகாரம் இல்லை.

மூன்றாம் நாள் காலை தட்டு தரையிலிருந்து வந்தது.

மெக்கானிக் குப்புறப் படுத்து, நிலைச்சட்டத்தின் அடியில் காதை வைத்தான். தட்டு. சிணுங்கல். வெகுநேரம் கழித்து இன்னொரு தட்டு. சிணுங்கல். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருந்தான். சட்டத்தின் குளிர் காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. மூன்றாவது வரவில்லை.

"தட்டிடுடா," என்றான். வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தான். குரல் ஒத்துழைக்கவில்லை. "அந்த ஒண்ணையும் தட்டிட்டுப் போடா."

வரவில்லை. நாள் முழுதும் வரவில்லை. தண்ணீர் தூக்கச் சொல்லி யாரும் வரவில்லை. அவனாக மேலே போய்க் கமாண்டர் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே நாற்காலி நகர்ந்தது. கதவு திறக்கவில்லை. திரும்பி வந்து, ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையை அந்த இரும்பு நிலைச்சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டே இருந்தான்.

பொழுது இறங்கும் நேரம், உள்ளங்கைக்குக் கீழே இரும்பு அதிர்ந்தது.

இரண்டு தட்டு. பிறகு ஒன்று.

பலமாக. நெஞ்சு உயரத்தில். மெக்கானிக்குக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்துவிட்டான், படுபாவி. எங்கேயோ போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். திறக்கட்டும், முதலில் ஓர் அறை, அப்புறம் ஒரு வாளித் தண்ணீர்.

மறுபடி இரண்டு. பிறகு ஒன்று.

சிணுங்கல் இல்லை.

இரண்டு. ஒன்று. இந்த முறை அவன் தலைக்கு மேலே. கை நீட்டினாலும் எட்டாத உயரத்தில்.

பின்னால் படியில் காலடி. வெறும் கால். மெக்கானிக் திரும்பினான். காலிக் குடம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூன்று நாள் தாடியோடு, தையல்காரர் நின்றார். குடத்தின் விளிம்பைப் பற்றியிருந்த விரலில் தையல் தொப்பி.

"தண்ணி தீந்துபோச்சுண்ணே," என்றார். "யாரும் கொண்டு வரல."

"நீ எப்ப உள்ள வந்த?"

"நான் வெளியவே இல்லண்ணே. தெருமுனை வரைக்கும் போனேன். பாத்தேன். கமாண்டர் பூட்டறதுக்குள்ள ஓடி வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லாதன்னார். பயிற்சின்னு நெனச்சா சனங்க தாங்கிக்கும்னார்."

அந்தச் சொல்லைச் சொன்னதற்காக அவரை யாரும் தண்ணீர் தூக்கச் சொல்லவில்லை.

"உங்ககிட்ட முக்கியமா சொல்லாதன்னார். நீங்க திறந்துடுவீங்களாம்."

மூன்று நாளாக யாரிடமும் நேராகக் கேட்காத கேள்வி. கேட்கத் தெரிந்தும் வேடிக்கை பேசியே கடத்திய கேள்வி.

"தம்பி. சுத்தி வளைக்காம சொல்லு. தட்டினது யாரு?"

தையல்காரர் குடத்தைத் தரையில் வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல்.

"எங்க வீட்டு ஜன்னல் பலகையில ஒரு சந்து இருக்குண்ணே. அது வழியா தெரிஞ்சுது. இன்னிக்குக் காலை வரைக்கும் தட்டினது அண்ணிதான். உங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் காதப் பொத்திக்கிட்டேன்."

"இப்ப?"

"இப்ப அவங்க இல்ல. அவங்க காலையிலயே படுத்துட்டாங்க. அவங்களச் சுத்தி நின்னுச்சே, அதுங்க. மூணு நாளா அவங்க தட்டறத வெறுமனே பாத்துக்கிட்டே நின்னுச்சுங்க. பாத்துக் கத்துக்கிச்சுங்கண்ணே."

இரண்டு தட்டு. பிறகு ஒன்று. கதவின் அடியில், நடுவில், உச்சியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, எத்தனையோ கைகள் ஒரே நேரத்தில். இரண்டு. நடுவில், துல்லியமாக, ஒரு பெருமூச்சின் அளவு இடைவெளி. பிறகு ஒன்று.